நெகேமியா 3-ம் அதிகாரத்தை தாண்டிப் போகாதீங்க: குழுவுல வேலையை பங்கு போடறது எப்படி

பைபிளை முழுசா வாசிக்கிற பழக்கம் இருக்கறவங்ககிட்ட நெகேமியா 3-ம் அதிகாரம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதி பேர் உண்மையை ஒத்துக்குவாங்க, கண்ணை ஓட்டிட்டு 4-க்கு போயிடுவோம்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான். யார் எந்த வாசலை கட்டினாங்க, அவங்க அருகே யாரு, அதுக்கு பின்னால யாரு, இப்படியே 32 வசனம், வாயில நுழையாத பேரா வரும். பிரசங்கம் பண்ணக்கூட ஒண்ணும் தேறாதுன்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தேன். அப்போ நான் ஒரு சின்ன ஜெபக்குழுவை நடத்திட்டு இருந்தேன், நடத்தினேன்னு சொல்றதைவிட தூக்கி சுமந்தேன்னு சொல்லலாம். இடத்து சாவி என்கிட்ட, யாருக்கு உடம்பு சரியில்ல யாரைப் பாக்கப் போகணும்ங்கற லிஸ்ட் என் தலைக்குள்ள, பாட்டு புஸ்தகம் என் வீட்டு அலமாரில. நான் படுத்தேன், அந்த வாரம் கூட்டம் நடக்கல. வந்தவங்க பூட்டின கதவைப் பாத்துட்டு திரும்பிப் போயிருக்காங்க. முதல்ல மனசுக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம், பாத்தியா நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு. ரெண்டு நாள் கழிச்சு அதை நினைச்சா வெக்கமா இருந்துச்சு. நாலு வருஷம் பாடுபட்டு நான் கட்டினது ஒரு ஆள் படுத்தா மூடிப்போற கடையையா?

படுக்கையில இருந்தே நெகேமியாவை திரும்ப எடுத்தேன். இந்த தடவை 3-ம் அதிகாரம் ஒரு ட்யூட்டி லிஸ்ட்டா தெரிஞ்சுது, அதுவும் ரொம்ப யோசிச்சு போட்ட லிஸ்ட். கிமு 445 வாக்குல இடிஞ்சு கிடந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கிட்டத்தட்ட 40 துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் பேர் போட்டு, 52 நாள்ல முடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் வேதத்துல வேலை பங்கு போட்ட இடமெல்லாம் தேடித்தேடி வாசிச்சு, எங்க குழுவுல பண்ணிப் பாத்ததைத்தான் கீழ எழுதறேன். சபைன்னு இல்ல, குடியிருப்பு சங்கம், படிப்பு வட்டம், நாலு பேர் சேந்து எதை நடத்தினாலும் இது உதவும்.

முதல்ல வாயை மூடிட்டு சுத்திப் பாருங்க

பாரசீக ராஜாகிட்ட வேலை பாத்துட்டு இருந்து, மதிலைக் கட்ட வந்தவர் நெகேமியா. எருசலேமுக்கு வந்த உடனே அவர் மீட்டிங் போடல. 3 நாள் சும்மா இருந்தார். அப்புறம் ராத்திரில சில பேரை மட்டும் கூட்டிட்டு, ஒரே ஒரு மிருகத்து மேல ஏறி, இடிஞ்ச மதிலை சுத்திப் பாத்தார், ராஜாவின் குளம் பக்கம் போனப்போ அந்த மிருகம் தாண்டிப் போகக்கூட வழி இல்லாத அளவுக்கு கல்லும் மண்ணும் கிடந்துச்சு. எங்க போனார் என்ன பண்ணார்னு அதிகாரிங்களுக்கே தெரியாது. எல்லாத்தையும் கண்ணால பாத்தப்புறம்தான் ஜனங்ககிட்ட பேசறார், அவங்களும் "எழுந்து கட்டுவோம் வாருங்கள்"னு கிளம்பறாங்க.

நீங்களும் ரெண்டு வாரம் இதை பண்ணுங்க. ஒரு நோட்டு எடுத்து உங்க குழுவுல நடக்கற ஒவ்வொரு வேலையையும் எழுதுங்க, அது எப்போ நடக்குது, எவ்வளவு நேரம் பிடிக்குது, இப்ப யார் பண்றாங்க, பண்ணலன்னா என்ன ஆகும். பெரிய வேலை எல்லாருக்கும் தெரியும், அதை எழுதறது சுலபம். நீங்க தேட வேண்டியது கண்ணுக்கு தெரியாத வேலைங்களை. கூட்டம் முடிஞ்சு விளக்கை அணைக்கறது யாரு, ரெண்டு வாரமா வராத ஆளுக்கு போன் போடறது யாரு, வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் சண்டை ஆரம்பிச்சா தனியா கூப்பிட்டு சமாதானம் பண்றது யாரு, குடிக்கற தண்ணி தீந்துபோச்சான்னு பாக்கறது யாரு. இந்த மாதிரி வேலை எல்லாம் வழக்கமா ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட, பெரும்பாலும் பெண்கள்கிட்ட, யாரும் கேக்காமலே போய் சேந்திருக்கும், அவங்களும் சொல்லிக்க மாட்டாங்க.

என் நோட்டை நான் எழுதி முடிச்சப்போ பாதிக்கு மேல என் பேர். மீதில பாதி ஒரே ஒரு அக்காவோட பேர். அவங்க 3 வருஷமா அந்த வேலையெல்லாம் பண்ணிட்டு இருந்திருக்காங்க, எனக்கு அதுல பாதி தெரியவே தெரியாது.

துண்டு போடுங்க, பேர் போடுங்க

இப்ப 3-ம் அதிகாரத்துக்கு வருவோம். அதுல அடிக்கடி வர்ற ஒரு விஷயம், அவனவன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான்ங்கறது. தன் வீட்டு முன்னாடி இருக்கற மதில் ஓட்டையா இருந்தா முதல்ல உள்ள வர்றது தன் வீட்டுக்குள்ளதான், அதனால அந்த ஆளை மேற்பார்வை பாக்க வேண்டிய தேவையே இல்ல. மெசுல்லாம்னு ஒருத்தர், அவர் கட்டினது தன்னோட அறை வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியை. ஆசாரியர்கள் கட்டினது ஆட்டுவாசல், அது ஆலயத்துக்கு பக்கத்துல இருந்த வாசல்.

அதனால வேலை கொடுக்கறப்போ இந்த ஆளுக்கு என்ன திறமை இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, இந்த வேலை நடக்கலன்னா யாருக்கு முதல்ல வலிக்கும்னு பாருங்க. சின்னக் குழந்தைங்க இருக்கற அம்மா அப்பாகிட்ட குழந்தைங்க நேரத்தை பத்தி கேளுங்க. வயசான அம்மாவை கைபிடிச்சு கூட்டிட்டு வர்றவர்கிட்ட படிக்கட்டு, கைப்பிடி, உக்கார்ற இடம் எல்லாத்தையும் கொடுங்க. போன மாசம் புதுசா வந்து யாருமே பேசாம தனியா உக்காந்துட்டு போனவர்தான் வாசல்ல நின்னு வரவேற்க சரியான ஆள், அந்த தனிமை அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும்.

திறமையை ரொம்ப பாக்காதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் அதே அதிகாரத்துல இருக்கு. பொன் வேலை செய்றவங்க, வாசனைத் தைலம் செய்றவங்க, வியாபாரிங்க, எல்லாரும் கல்லு தூக்கியிருக்காங்க. சல்லூம்ங்கறவர் தன் மகள்களையும் கூட்டிட்டு வந்து கட்டினதா 12-ம் வசனம் சொல்லுது. இவங்கள்ல யாரும் கொத்தனார் இல்ல. ஆனாலும் மதில் நின்னுச்சு.

அதே அதிகாரத்துல எனக்கு ரொம்ப பிடிச்சது 14-ம் வசனம். குப்பைமேட்டு வாசலை பழுதுபாத்தது யாருன்னு நினைக்கறீங்க? மல்கியா, ஒரு வட்டாரத்துக்கே பிரபு. ஊர் குப்பை வெளிய போற வாசல், அதுக்கு எதிர்ல ஒரு அதிகாரியோட பேர். இதை வாசிச்ச அன்னைக்கு எங்க லிஸ்ட்ல கழிப்பறை சுத்தம் பண்ற வேலைக்கு எதிர்ல என் பேரை எழுதினேன், மத்தவங்ககிட்ட அதைப் பத்தி பேசல. அடுத்த மாசம் அந்த வரிக்கு மட்டும் 2 பேர் தானா வந்து பேர் கொடுத்தாங்க. எல்லா இடத்துலயும் இப்படி நடக்கும்னு உத்தரவாதம் கொடுக்க முடியாது, ஆனா நாறுற வேலையை சின்னப்பசங்க தலையில கட்டிட்டு மேடை வேலையை நாம வெச்சுக்கிட்டா அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், நம்மகிட்ட வந்து சொல்ல மாட்டாங்க அவ்ளோதான்.

கேக்கற விதம்னு ஒண்ணு இருக்கு. "யாராவது கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா"ன்னு பொதுவா சொன்னா அந்த யாராவதுங்கற ஆள் எந்த குழுவுலயும் மெம்பரா கிடையாது. ஒருத்தரை தனியா பாத்து, நேரா, இந்த மாதிரி கேளுங்க: "அடுத்த 3 மாசம் புதுசா வர்றவங்களை வரவேற்கறதை நீங்க பாத்துக்கறீங்களா? 20 நிமிஷம் முன்னாடி வரணும். கூட யாரை சேத்துக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. முடியாதுன்னா சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்." வேலை என்ன, எவ்வளவு நேரம், எப்போ முடியும், எதுல அவங்க முடிவு செல்லும், இந்த நாலும் அதுல இருக்கணும். முடியற தேதி சொல்லலன்னா ஜனங்க பயப்படுவாங்க, ஒரு தடவை தலையை ஆட்டினா ஆயுசுக்கும் மாட்டிக்குவோம்னு. அந்த பயம் நியாயமானதுதான், நாம நிறைய பேரை அப்படி மாட்டி விட்டிருக்கோம்.

வராதவங்களை என்ன பண்றது? தெக்கோவா ஊர்க்காரங்க கட்டினாங்க, ஆனா அவங்க ஊர் பிரபுக்கள் வேலைக்கு கழுத்தைக் கொடுக்கலன்னு 5-ம் வசனத்துல இருக்கு. அவ்ளோதான், ஒரே வரி. நெகேமியா அவங்க பின்னால ஓடல, கெஞ்சல, அவங்களை திட்டி ஒரு அதிகாரம் எழுதல. 27-ம் வசனத்துக்கு வந்தா அதே தெக்கோவா ஜனங்க ரெண்டாவது பங்கு ஒண்ணையும் எடுத்து கட்டறாங்க. பெரிய மனுஷங்க வரலன்னா குழு நின்னுடும்னு நாமதான் நினைச்சுக்கறோம்.

வேலையோட சேத்து முடிவையும் கொடுங்க, இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க

யாத்திராகமம் 18. மோசே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஜனங்களோட வழக்கை எல்லாம் தீத்துட்டு இருக்கார், ஜனங்க வரிசைல நிக்கறாங்க. பாக்க வந்த மாமனார் எத்திரோ, மருமகனை பாராட்டுவார்னு பாத்தா, நீர் செய்யற காரியம் நல்லதல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றார். காரணமும் சொல்றார்: "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." ஜனங்களும்ங்கற வார்த்தையை கவனிங்க. எல்லாத்தையும் ஒருத்தரே பண்ணா அவர் மட்டும் தேய்றதில்ல, அவருக்காக காத்துக்கிட்டு நிக்கறவங்களும் தேய்றாங்க. நான் படுத்த அன்னைக்கு பூட்டின கதவு முன்னாடி நின்னவங்க மாதிரி.

எத்திரோ சொன்ன ஏற்பாடு எல்லாருக்கும் தெரியும், 1000 பேருக்கு, 100 பேருக்கு, 50 பேருக்கு, 10 பேருக்குன்னு தலைவர்கள். அதுல நாம கண்டுக்காம விடறது, சின்ன காரியத்தை அவங்களே தீத்துடுவாங்க, பெரிய காரியம் மட்டும்தான் மோசேகிட்ட வரும்ங்கறது. அதாவது தீர்ப்பு சொல்ற அதிகாரமும் சேந்து கீழ போகுது. நாம என்ன பண்றோம்னா வேலையை கொடுத்துட்டு முடிவை பாக்கெட்ல வெச்சுக்கறோம். சமையல் பொறுப்பை ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு என்ன சமைக்கறது, எங்க வாங்கறது, எத்தனை தட்டு, எல்லாத்துக்கும் அவர் நமக்கு போன் போட்டு கேக்கணும்னா அவர் பொறுப்பாளர் இல்ல, நம்மளோட ரெண்டாவது ஜோடி கை.

நடைமுறைல இதுக்கு ஒரு பேப்பர் போதும். ஒவ்வொரு பொறுப்புக்கும் மூணு வரி எழுதுங்க. எதை யாரையும் கேக்காம நீங்களே முடிவு பண்ணலாம், எதை முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட சொன்னா போதும், எதுக்கு முன்னாடியே பேசணும். பணமா இருந்தா எவ்வளவு வரைக்கும்னு தொகை போட்டு எழுதுங்க, "கொஞ்சமா செலவு பண்ணிக்கோங்க"ன்னு வாய்வார்த்தையா விடாதீங்க, கொஞ்சம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், சண்டை அங்கதான் வரும்.

ஆள் எடுக்கறப்போ எத்திரோ சொன்ன தகுதி, தேவனுக்கு பயந்தவங்க, உண்மையுள்ளவங்க, பொருளாசையை வெறுக்கறவங்க, திறமையுள்ளவங்க. நாலுல ஒண்ணுதான் திறமை. யார் எடுக்கறதுங்கறதும் முக்கியம். உபாகமம் 1-ல மோசே இதே சம்பவத்தை திரும்ப சொல்றப்போ, ஆட்களை நீங்களே தெரிஞ்சுக்கொடுங்க, நான் ஏற்படுத்தறேன்னு ஜனங்ககிட்ட சொன்னதா வருது. தலைவர் தனக்கு பிடிச்ச நாலு பேரை பொறுக்கினா அது கோஷ்டி மாதிரி ஆயிடும். ஜனங்க பேர் சொல்லி, தலைவர் பொறுப்பு கொடுத்தா அந்த ஆளுக்கு ரெண்டு பக்கமும் மரியாதை இருக்கும்.

முறுமுறுப்பு வந்தா சந்தோஷப்படுங்க (கொஞ்சமாவது)

அப்போஸ்தலர் 2-ம் 4-ம் வாசிச்சா முதல் சபையில எல்லாத்தையும் பொதுவா வெச்சு அனுபவிச்சாங்க, ஒருத்தருக்கும் குறைவில்லன்னு அழகா இருக்கும், எல்லா ஐக்கிய பிரசங்கமும் அங்க நின்னுடும். 6-ம் அதிகாரத்துக்கு வந்தா முதல் வசனத்துலயே முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசற யூதர்களோட விதவைங்களை அன்றாட விசாரணைல, அதாவது தினப்படி சாப்பாடு பங்கீட்டுல, விட்டுட்டாங்கன்னு புகார்.

அப்போஸ்தலர்கள் பண்ணது மூணு விஷயம். ஒண்ணு, குறை சொல்றவங்க மேல பாயல, ஆவிக்குரிய வளர்ச்சி இல்லன்னு முத்திரை குத்தல. ரெண்டு, பந்திவிசாரணையையும் நாங்களே பாக்கறோம்னு அதை இழுத்து தங்க தலையில போட்டுக்கல, எங்க வேலை ஜெபமும் வசனமும்னு தெளிவா சொல்லிட்டாங்க. மூணு, 7 பேரை நீங்களே தெரிஞ்செடுங்கன்னு சபைக்கே விட்டாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்க பேர். நிக்கொலா பிறப்பால யூதரே இல்ல, அந்தியோகியால இருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். எந்த கூட்டம் எங்களை விட்டுட்டீங்கன்னு சொல்லுச்சோ அந்த பக்கத்து ஆளுங்க கையில பந்தியே போய் சேந்துச்சுன்னு எனக்கு தோணுது. குறை கேட்டு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பறது வேற, குறை சொன்னவர் கையில கரண்டியை கொடுக்கறது வேற.

அதனால மாசத்துக்கு ஒரு தடவை "நம்ம குழுவுல யாருக்கு எது வந்து சேரல"ங்கற ஒரே கேள்வியை மட்டும் வெச்சு உக்காருங்க. அரை மணி நேரம் போதும். பதில் சொல்றவங்களை மடக்காதீங்க, விளக்கம் கொடுக்காதீங்க, எழுதிக்கோங்க. கடைசில, சொன்னவர்ல ஒருத்தரையே கேளுங்க, இதை சரி பண்ண உங்களுக்கு என்ன வேணும், யாரை சேத்துக்கறீங்கன்னு. சில பேர் அந்த கேள்வியோட அமைதியாயிடுவாங்க. சில பேர் நிஜமாவே எழுந்து நிப்பாங்க, உங்க குழுவுலயே நல்ல வேலைக்காரங்க இவங்கதான்.

மார்த்தாவைப் பத்தி இங்க ஒரு வார்த்தை. நமக்கெல்லாம் மார்த்தா மேல ஒரு கேலி உண்டு, பற்பல வேலையில வருத்தப்பட்டான்னு. எனக்கு அவங்க மேல பரிதாபம்தான் ஜாஸ்தி. ஆனா அவங்க பண்ண ஒரு தப்பு நாமளும் தினம் பண்றதுதான், கூடப்பிறந்த மரியாள்கிட்ட நேரா "கொஞ்சம் வந்து கை கொடு"ன்னு கேக்காம, எனக்கு உதவி செய்யச் சொல்லும்னு மூணாவது ஆள்கிட்ட போய் முறையிட்டாங்க, அதுவும் விருந்தாளியா வந்த இயேசுகிட்ட. குழுவுல ஒரு விதி வெச்சுக்கோங்க: உதவி வேணும்னா உதவ வேண்டிய ஆள்கிட்டயே கேக்கணும், அடுத்தவர் மூலமா இல்ல.

எல்லாருக்கும் சமமான்னா, இல்ல

இங்க கணக்கு பாக்கறவங்க நிறைய பேர் தடுமாறுவாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு வேலை, ஒரே அளவு உதவின்னு பிரிச்சா நியாயம்னு தோணும். எண்ணாகமம் 7 பாருங்க. பிரபுக்கள் 6 வண்டியும் 12 மாடும் கொண்டு வந்து கொடுக்கறாங்க, ஆராதனைக் கூடாரத்தை (ஆசரிப்பு கூடாரம்) சுமக்கற லேவியர் கோத்திரத்துல 3 வம்சம் இருக்கு, ஆளுக்கு 2 வண்டி 4 மாடுன்னு கொடுத்தா கணக்கு அழகா முடிஞ்சிருக்கும். மோசே அப்படி பண்ணல. தொங்கு திரை, மூடுதிரை சுமக்கற கெர்சோன் புத்திரருக்கு 2 வண்டி 4 மாடு. பலகை, தூண், பாதம்னு கனமான சாமான் சுமக்கற மெராரி புத்திரருக்கு 4 வண்டி 8 மாடு. கோகாத் புத்திரருக்கு ஒண்ணுமே இல்ல, அவங்க வேலை பரிசுத்த பொருட்களை தோள்மேல சுமக்கறது, அதுக்கு வண்டி ஆகாது. பாரத்தை பாத்துதான் வண்டி.

அடுத்த அதிகாரத்துலயே வயசு வருது. லேவியர் 25 வயசுல பணிக்கு வரணும், 50-ல திருப்பணியை விடணும், ஆனா ஓரமா ஒதுங்கிப் போகக்கூடாது, சகோதரரோட கூட இருந்து காவலுக்கு உதவணும். பெரியவங்களுக்கு நாம ரெண்டே வழிதான் வெச்சிருக்கோம், ஒண்ணு தலைமை நாற்காலி, இல்லன்னா சும்மா உக்காரற நாற்காலி. நடுவுல, பாரம் தூக்காம பக்கத்துல நின்னு கத்துக்கொடுக்கற ஒரு இடம் இருக்கு. எங்க குழுவுல பாட்டு நடத்திட்டு இருந்த பெரியவர் ஒருத்தருக்கு தொண்டை போச்சு, அவர் இப்ப வாரா வாரம் 2 சின்னப் பசங்களை பக்கத்துல உக்கார வெச்சு பழைய கீர்த்தனைங்களுக்கு ராகம் சொல்லித் தர்றார். நாங்க கேக்க பயந்துட்டே இருந்தோம், அவர் அதுக்காகவே காத்துட்டு இருந்திருக்கார்.

கலாத்தியர் 6-ல பவுல் 2-ம் வசனத்துல ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கன்னு சொல்லிட்டு 5-ம் வசனத்துல அவனவன் தன்தன் பாரத்தை சுமப்பான்னு சொல்றார், தமிழ்ல வாசிச்சா முன்னுக்கு பின் முரணா தெரியும். கிரேக்கத்துல ரெண்டு வெவ்வேற சொல்லு. முதல்ல வர்ற பாரொஸ்ங்கறது ஆளை அழுத்தற கனம், ரெண்டாவதா வர்ற ஃபோர்தியொன்ங்கறது அவனவன் தூக்க வேண்டிய மூட்டை. வீட்டுல சாவு, வியாதி, வேலை போனது, இதெல்லாம் முதல் வகை, அப்போ கேக்காமலே அவர் பங்கை மத்தவங்க எடுத்துக்கணும். நான் ஒத்துக்கிட்ட வேலையை நான் செய்றது ரெண்டாவது வகை. ஒருத்தர் ரெண்டு தடவை தவறினா திட்டறதுக்கு முன்னாடி கேளுங்க, இப்ப எந்த பாரம் உங்க மேல இருக்குன்னு. வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு 2 தெசலோனிக்கேயர்ல வர்ற அந்த கடுமையான வசனத்துலகூட, வேலை செய்ய மனதில்லாதிருந்தால்னுதான் இருக்கு. முடியாதவங்களை அந்த வசனத்தால அடிக்காதீங்க.

மூட்டைகிட்ட இருந்தவனுக்கும் அதே பங்கு

1 சாமுவேல் 30-ல தாவீது 600 பேரோட, அவங்க பெண்டாட்டி பிள்ளைங்களை சிறைபிடிச்சுட்டு போன எதிரியை துரத்திட்டு போறார், பேசோர் ஆத்துகிட்ட வந்தப்போ 200 பேர் களைச்சுப் போய் அங்கயே நின்னுடறாங்க, மத்த 400 பேர் போய் ஜெயிச்சு வர்றாங்க. திரும்பி வந்ததும் சண்டைக்கு போனவங்கள்ல சில பேர், வராதவங்களுக்கு கொள்ளைல பங்கு கிடையாது, அவங்கவங்க பெண்டாட்டி பிள்ளைங்களை மட்டும் கூட்டிட்டு போகட்டும்னு சொல்றாங்க. தாவீது அதை ஏத்துக்கல. யுத்தத்துக்கு போனவன் பங்கு எவ்வளவோ, ரஸ்துக்கள்கிட்ட, அதாவது மூட்டை முடிச்சுகிட்ட, இருந்தவன் பங்கும் அவ்வளவுன்னு சொல்லி, அதை இஸ்ரவேல்ல சட்டமாவே ஆக்கிட்டார்.

உங்க குழுவுல மூட்டைகிட்ட உக்காந்திருக்கறது யாருன்னு அந்த நோட்டுல இருக்கு. விழா முடிஞ்சு நன்றி சொல்றப்போ மேடையில நின்னவங்க பேரோட நிறுத்திடாதீங்க, நாற்காலி அடுக்கினவர், கணக்கு எழுதினவர், வீட்டுல இருந்து எல்லாரோட குழந்தைங்களையும் பாத்துக்கிட்டவர், அவங்க பேரையும் சொல்லுங்க, முடிஞ்சா முதல்ல சொல்லுங்க. ரோமர் 16-ல பவுல் அதைத்தான் பண்றார், பேர் பேரா வாழ்த்து. நிருபத்தை பவுல் சொல்ல சொல்ல எழுதின தெர்தியுகூட 22-ம் வசனத்துல உள்ள புகுந்து, இந்த நிருபத்தை எழுதின நானும் வாழ்த்தறேன்னு தன் பேரை போட்டுக்கறார், பவுலும் அதை விட்டிருக்கார். எனக்கு அந்த வசனத்தை வாசிச்சா எப்பவும் சிரிப்பு வரும்.

பாதில தொய்வு வரும், வந்தா என்ன பண்றது

மதில் பாதி உயரம் வந்தப்போதான் பிரச்சனை. ஆரம்பத்துல இருந்த ஆவல் போய், சுமைகாரங்களோட பெலன் குறைஞ்சு போச்சு, மண்மேடு இன்னும் மிச்சம் இருக்கு, எங்களால கட்ட முடியாதுன்னு யூதா மனுஷர் சொல்றாங்க, நெகேமியா 4:10. எங்களுக்கும் சரியா 3-வது மாசம் வந்துச்சு. அப்போ உற்சாகப் பேச்சு ஒண்ணு போடலாம்னு தோணும், கொஞ்சம் பொறுங்க. முதல்ல மண்மேட்டை அள்ளுங்க. போன வருஷம் ஆரம்பிச்சு யாருக்கும் உபயோகம் இல்லாம, நிறுத்தினா யாராவது வருத்தப்படுவாங்களோன்னு இழுத்துட்டே போற வேலை ரெண்டு மூணு எல்லா குழுவுலயும் இருக்கும், அதை நிறுத்துங்க. அதுலயே பாதி பெலன் திரும்பிடும்.

ஆளுங்க மதில் மேல ஒருத்தருக்கொருத்தர் தூரமா இருக்கோம்னு நெகேமியாவே சொல்றார், அதனால எக்காள சத்தம் கேட்ட இடத்துக்கு எல்லாரும் ஓடி வாங்கன்னு ஏற்பாடு. உங்க குழுவுக்கும் ஒரு எக்காளம் வேணும், என்னால இந்த வாரம் முடியல யாராவது வாங்கன்னு வெக்கப்படாம சொல்ல ஒரு வழி. நாங்க குரூப்ல "எக்காளம்"னு ஒரே வார்த்தை போடுவோம், காரணம் கேக்க மாட்டோம், ரெண்டு பேர் போயிடுவாங்க.

5-ம் அதிகாரத்தையும் சேத்து வாசிங்க, வேலை நடந்துட்டு இருக்கறப்போ கட்டறவங்களே கடன்ல மூழ்கி நிலத்தை அடகு வெச்சு பிள்ளைங்களை அடிமையா கொடுக்கற நிலைமை, வட்டி வாங்கினது யாருன்னா பக்கத்துல நின்ன சொந்த ஜனமே. நெகேமியா சபையைக் கூட்டி அதை முதல்ல தீத்தார். தன் 12 வருஷ அதிபதி பதவியில தனக்கு வர வேண்டிய படியையும் வாங்கலன்னு எழுதறார். பஸ் காசு இல்லாததால வராம இருக்கறவரை ஆர்வம் இல்லாதவர்னு நாம எழுதிட கூடாது.

போதும்னா போதும்னு சொல்லுங்க. ஆசரிப்பு கூடாரத்துக்கு ஜனங்க பொருள் கொண்டு வந்து குவிச்சப்போ, வேலைக்காரங்க வந்து தேவைக்கு மேல வருதுன்னு சொல்ல, இனிமே யாரும் கொண்டு வர வேண்டாம்னு மோசே பாளையம் முழுக்க சொல்ல வெச்சார், யாத்திராகமம் 36. காணிக்கையை நிறுத்தச் சொன்ன தலைவர்! நேரத்துக்கும் அதே மாதிரிதான், வாரத்துல நாலு நாள் குழு வேலைக்கு வர்ற ஆளை ரெண்டு நாள் வீட்டுக்கு அனுப்பறதும் உங்க பொறுப்பு.

கடைசியா ஒண்ணு, எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது இதுதான். எண்ணாகமம் 11-ல 70 மூப்பரை கூப்பிட்டு மோசே மேல இருந்த ஆவியை தேவன் அவங்களுக்கும் பங்கு வெச்சப்போ, எல்தாத் மேதாத்னு 2 பேர் கூடாரத்துக்கு வராம பாளையத்துலயே இருந்து தீர்க்கதரிசனம் சொன்னாங்க, மோசேயோட உதவியாள் யோசுவா பதறிப்போய் அவங்களை தடைபண்ணும்னு சொன்னார், மோசே "நீ எனக்காக வைராக்கியம் காட்டுகிறாயோ"ன்னு கேட்டார், எல்லாருமே தீர்க்கதரிசி ஆனா நல்லாத்தானே இருக்கும்னார். வேலையை கொடுத்தா அது நம்ம மாதிரி நடக்காது. சாவியை கைமாத்தின முதல் வாரம் நான் வேணும்னே 10 நிமிஷம் லேட்டா போனேன். 4 வருஷமா நான் வரிசையா போட்ட நாற்காலிங்களை வட்டமா போட்டிருந்தாங்க, எனக்கு கை பரபரன்னு இருந்துச்சு. ரெண்டு கையையும் பாக்கெட்ல விட்டுக்கிட்டு, கதவு பக்கத்துல காலியா இருந்த ஒண்ணுல போய் உக்காந்தேன்.